சிங்கைக்குச் செங்கல் சுட்ட தமிழர்

(சொற்பொழிவின் எழுத்துவடிவு)



ஒரு நகரைக் கட்டியவர் யார் என்று வினவினால், உலகம் உடனே ஆட்சியாளன் பெயரைச் சொல்லிவிடும். மண் குழைத்தவர் யார், சூளை மூட்டியவர் யார், சுவர் எழுப்பியவர் யார் என்று அடுத்து வினவினால் விடை வாராது. தஞ்சைப் பெரிய கோயிலில் மன்னன் பெயரோடு பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் கல்லில் நிற்கிறது. அத்தகைய நேர்மை வரலாற்றில் அரிது. கடல் கடந்து சென்ற தமிழர்க்கோ அந்த அளவு நேர்மைகூடக் கிட்டியதில்லை. அயல்நிலங்களில் அவர்கள் கட்டியவை நிற்கின்றன. கட்டியவர் பெயர் மட்டும் உதிர்ந்துபோயிற்று. அவ்வாறு உதிரவிருந்து தப்பிய பெயர்களுள் ஒன்று சிங்கப்பூர் நாராயண பிள்ளை என்பது.

இன்று உலகின் செல்வ நகரங்களுள் ஒன்றாக விளங்கும் சிங்கையைத் தோற்றுவித்தவர் இசுட்டாம்போர்டு இராபிள்சு என்னும் ஆங்கிலேயர் எனப் பள்ளிப் பிள்ளையும் ஒப்புவிக்கும். 1819 பிப்பிரவரி 6-இல் சொகூர் சுல்தான் உசேனோடும் தெமெங்கோங்கோடும் உடன்படிக்கை எழுதிக் கிழக்கிந்தியக் கும்பணிக்கு அங்கே கால்வைக்க இடம் பெற்றவர் அவர்தாம். அதை மறுப்பார் இலர். ஆனால் அவர் அந்நகரில் வாழ்ந்த நாள் எத்தனை? மூன்றே வருகைகள். முதல் முறை சில நாள்கள். இரண்டாம் முறை நான்கு கிழமை அளவு. மூன்றாம் முறை 1822 அக்தோபர் முதல் 1823 சூன் வரை. எல்லாவற்றையும் கூட்டினாலும் ஓராண்டு நிரம்பாது. அவர் இல்லாதபோது நகரை நடத்தியவர் வில்லியம் பார்க்குவார் என்னும் மற்றோர் கும்பணி அலுவலர். திட்டம் தாளில் எழுதப்படுவது; நகரோ மண்ணில் எழுவது. அந்த மண் வேலையைச் செய்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் ஒரு தமிழர்.

நாராயண பிள்ளை பினாங்கில் கும்பணி அரசின் கணக்கராய் இருந்தவர். 1786-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த அத்தீவில் தமிழ் வணிகரும் தொழிலாளரும் பல்லாண்டுகளாகவே வேரூன்றியிருந்தனர். அங்கே அலுவல் பார்த்த நாள்களிலிருந்தே இராபிள்சு தமிழரை அறிந்தவர். 1819 மே இறுதியில் இரண்டாம் முறையாகச் சிங்கைக்கு வந்தபோது, நல்வாய்ப்பு உண்டென்று சொல்லி நாராயண பிள்ளையையும் 'இந்தியானா' என்னும் கப்பலில் உடனழைத்து வந்தார். உடன்படிக்கை எழுதி நான்கு திங்களும் நிரம்பவில்லை. அன்றைய சிங்கை ஒரு நகரன்று. ஆற்றுவாயில் சில குடில்களும், சதுப்பும், காடும், கடற்கரையில் கூடாரங்களுமே இருந்தன. தமிழர் என்றாலே தோட்டக் கூலியாய்ப் பின்னால் வந்தவர் என்று எண்ணிப் பழகிவிட்ட உள்ளங்கள் இந்த ஆண்டை மறவாது குறித்துக்கொள்ளல் வேண்டும். மலையாவில் தேயிலையும் இரப்பரும் வந்ததற்கு நெடுங்காலம் முன்பே, எழுத்தும் கணக்கும் அறிந்த தமிழர் ஒருவர் அந்நகரின் முதற்குடிகளுள் ஒருவராய் இறங்கியிருக்கிறார்.

கணக்கு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இக்கால மலாய் இலக்கியத்தின் தந்தை என மலாய் மக்கள் போற்றும் முன்சி அப்துல்லா, தம் வாழ்க்கை வரலாற்றில் தம் இளமைக் கல்வியைக் கூறுகையில், தந்தை தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை எழுதியிருக்கிறார். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கமாம். கரணியம் என்ன? கணக்கு வைப்பதற்கும் வணிகரோடு பேசுவதற்கும் அம்மொழி பயன்பட்டது என்பதே. எவருடைய ஆணையுமின்றி, எந்தச் சட்டமுமின்றி, அயலார் தாமே விரும்பிக் கற்கும் நிலையில் தமிழ் அக்கடலோரத்தில் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. படையால் அன்று, பயன்பாட்டால். அந்த மரபின் வழிவந்தவராகவே நாராயண பிள்ளையைக் காணல் வேண்டும்.

சிங்கையில் அவர்க்குக் கிடைத்த முதல் வேலை கருவூலத்தில் தலைமைக் கணக்கர் வேலை. பல நாட்டுக் காசுகள் புழங்கிய துறைமுகம் அது. வரும் காசு நல்லதா கள்ளதா என்று பார்த்துப் பிரிப்பது அவர் பொறுப்பு. கூரிய கண்ணும் நேரிய கையும் உள்ளவர்க்கே அப்பணி அமையும். ஆனால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. வேறொருவர் அவ்விடத்துக்கு வந்துவிட்டார். இவ்வாறு வேலை இழந்த எவரும் வந்த கப்பலிலேயே திரும்பியிருப்பர். அவர் திரும்பவில்லை. சுற்றிலும் பார்த்தார். மக்கள் நாள்தோறும் வந்து இறங்குகின்றனர், குடியிருக்க வீடில்லை, வீடு கட்டச் செங்கல் இல்லை, செங்கல் இருந்தாலும் கட்டும் கைகள் இல்லை. பினாங்கிலிருந்த நண்பர்க்குச் செய்தி விடுத்துக் கொத்தர், தச்சர், துணி வணிகர் ஆகியோரை வரவழைத்தார். தஞ்சோங் பகார் செல்லும் வழியில், எர்சுகின் குன்றின் அடிவாரத்தில் செங்கற் சூளை ஒன்றை அமைத்தார். சிங்கையின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்று வரலாற்று நூல்கள் அவரைக் குறிப்பது இதனால்தான்.

செங்கல் என்றால் எளிய பொருள் என எண்ணிவிடல் வேண்டா. அக்காலச் சிங்கையில் வீடுகள் மரமும் மூங்கிலும் அத்தாப்பு ஓலையுமாய் இருந்தன. ஒரு பொறி பட்டால் ஒரு தெருவே சாம்பலாகும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் நிலத்தில் ஓலைக்கூரை மக்கிக்கொண்டே இருக்கும். அத்தகைய நிலத்தில் செங்கல் அறுப்பதும் எளிதன்று: மண்ணைப் பதம்பார்த்துக் குழைக்க வேண்டும், அச்சில் அடித்த பச்சைக்கல்லை மழை கரைக்காமல் காத்து உலர்த்த வேண்டும், அடுக்கி, மூடி, இரவும் பகலும் விறகிட்டு, வெப்பம் மிகாமலும் குறையாமலும் பார்க்க வேண்டும். நாடு முழுதும் ஏரிக்கரைதோறும் ஆற்றோரந்தோறும் சூளை கண்ட தமிழர்க்கு இது பழகிய தொழில். அத்தொழிலைக் கொண்டுபோய் இறக்கிய இடமும் காலமும் தாம் புதியவை.

அவர் கணித்தது சரியாயிற்று. 1822 நவம்பரில் நகரமைப்புக் குழுவுக்கு இராபிள்சு விடுத்த நெறிமுறைகளில், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைதல் வேண்டும், தெருவோரக் கடைகளின் முன்னே மக்கள் நடந்துசெல்லத் தொடர்ச்சியான கூரையிட்ட நடைவழி விடல் வேண்டும் என்றெல்லாம் வகுக்கப்பட்டது. சிங்கையின் பழந்தெருக்களில் இன்றும் காணும் ஐந்தடி நடைவழி அவ்வாணையின் விளைவே. வெள்ளைக்கார ஆளுநர் ஆணை எழுதுவதற்கு முன்பே செங்கல்லின் தேவையை உணர்ந்து சூளை மூட்டியவர் தமிழர் என்பதை ஈண்டுச் சற்றுப் பெருமிதத்தோடே சொல்லலாம், தவறன்று.

சூளையோடு அவர் நிற்கவில்லை. கிராசு தெருவில் துணிக்கடை ஒன்றும் திறந்தார். நகரில் மிகப் பெரியதும் பலரும் அறிந்ததுமான கடையாய் அது வளர்ந்தது. ஆங்கில வணிகரிடம் கடனுக்குச் சரக்கெடுத்து விற்றுத் திருப்பிச் செலுத்துவது வணிகமுறை. 1822-இல் மூண்ட தீயில் அக்கடை அழிந்தது. சரக்குப் போயிற்று, கடன் நின்றது. மூன்றாண்டு உழைப்பு ஓரிரவில் சாம்பலாகிக் கடனாளியாய் நடுத்தெருவில் நின்றார்.

இந்த இடத்தில்தான் மனிதரின் தரம் தெரியும். கடன் பட்டவர் ஓடி மறைவதற்குக் கப்பல்கள் நாள்தோறும் புறப்பட்ட துறைமுகம் அது. அவர் ஓடவில்லை. கடன் கொடுத்தவர்களிடமே சென்று, இருப்பதைச் சொல்லித் தவணை பெற்றார். அவ்வாண்டு இறுதியில் திரும்பி வந்த இராபிள்சிடம் முறையிட்டார். புதிதாய் அமைக்கப்பட்ட வணிகச் சதுக்கத்தில் அவர்க்கு நிலம் கிடைத்தது. குன்று ஒன்றை வெட்டி, அம்மண்ணால் ஆற்றின் தென்கரைச் சதுப்பைத் தூர்த்து உருவாக்கிய இடம் அது. 1858-இல் 'இராபிள்சு பிளேசு' எனப் பெயர் மாறிய அதே இடம். இன்று வானளாவிய வங்கிக் கட்டடங்கள் நிற்கும் இடம். அங்கே மீண்டும் கடை வைத்தார், மீண்டும் எழுந்தார், கடனும் தீர்ந்தது.

இதைக் கேட்கும் தமிழுணர்வாளர் சிலர்க்கு ஓர் உறுத்தல் எழும். வெள்ளையன் கப்பலில் ஏறி வந்தவர், வெள்ளையன் கருவூலத்தில் வேலை பார்த்தவர், வெள்ளையன் கொடுத்த நிலத்தில் மீண்டவர். இவரைப் போற்றலாமா என்று. நேர்மையான உறுத்தல்தான். நாராயண பிள்ளை விடுதலை வீரர் அல்லர். அவர் எழுந்துநின்ற அதே காலத்தில், தென்னாட்டுப் பாளையங்களைக் கும்பணி நசுக்கி முடித்து இருபதாண்டும் ஆகியிருந்தது. மருதிருவர் தூக்கிலிடப்பட்டது 1801-இல். அந்தக் கும்பணியோடு இணங்கித்தான் அவர் வாழ்ந்தார், செல்வம் சேர்த்தார். இதை மறைத்து அவரை வானளாவத் தூக்குவது வரலாற்றுக்குச் செய்யும் ஏமாற்று. எனினும் ஒருவரை அளக்கும்போது, அவர் எவரோடு கப்பலேறினார் என்பதை மட்டும் பார்த்தல் போதாது. இறங்கிய பின் தமக்குப் பின்னால் வந்தவர்க்கு என்ன செய்தார் என்பதையும் பார்த்தல் வேண்டும். அவ்விடத்தில்தான் நாராயண பிள்ளையின் கணக்கு நிமிர்கிறது.

சிங்கைக்கு வந்த தமிழர்க்கு ஒரு கோயில் வேண்டும் என அவர் முயன்ற வரலாறு எட்டாண்டு நீண்டது. கும்பணி முதலில் தெலோக் ஆயர் தெருவில் இடம் ஒதுக்கியது. அன்று அது கடலோரத் தெரு. 'ஆயர்' என்றால் மலாய் மொழியில் நீர். ஆனால் அங்கிருந்தது உப்புநீர். வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் இல்லாமையால் அவ்விடம் கைவிடப்பட்டது. 1821-இல் இசுட்டாம்போர்டு கால்வாயருகே வேறு இடம் காட்டினர். அங்கே நீர் இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டே பிலிப்பு சாக்சன் என்னும் படை அலுவலர் வரைந்த நகரமைப்புத் திட்டம் வந்தது; எந்த இனத்தார் எங்கே வாழ்வது என்று அத்திட்டம் கோடு கிழித்தது; கோயிலுக்கு அவ்விடம் ஒத்துவரவில்லை. மூன்றாவதாக 1823-இல் கிடைத்தது, தென்பாலச் சாலை எனத் தமிழிற் சொல்லத்தக்க சவுத்து பிரிட்சுச் சாலையில் இப்போது கோயில் நிற்கும் நிலம். அங்கே மரத்தாலும் அத்தாப்பாலும் கோயில் எழுந்த ஆண்டு 1827. சிங்கையின் மிகப் பழைய இந்துக் கோயிலான மாரியம்மன் கோயில் அதுவே. 1831-இல் சேசாசலம் பிள்ளை என்பார் அருகிலிருந்த தம் நிலத்தையும் கொடுத்துதவினார்.

எந்தத் தெய்வத்துக்குக் கோயில் எடுத்தார் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. மாரி என்றால் மழை. ஊரெல்லையில் நின்று நோய் காக்கும் தாய் அவள். அம்மை கண்டவன் வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் எளிய குடிகளின் தாய். நன்னீர் இல்லையென்று ஒரு நிலத்தை வேண்டாவெனத் தள்ளி, மழையின் பெயர் கொண்டவளுக்கு மற்றொரு நிலம் தேடி அலைந்திருக்கிறார்கள் அம்மக்கள்! செல்வர் ஒருவர் தம் பெருமைக்கென எழுப்பியதாயின் வேறு தெய்வத்தை நாடியிருக்கலாம். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் விட்டுவந்த ஊரின் நினைவோடு கப்பலிறங்கிய கொத்தனுக்கும் தச்சனுக்கும் தெரிந்த தெய்வத்தையே அவர் நாடினார்.

கோயில் என்ற சொல்லை வெறும் வழிபாட்டிடம் என்ற பொருளில் மட்டும் ஈண்டுக் கொள்ளலாகாது. கடவுளை ஏற்பார் ஏற்கட்டும், மறுப்பார் மறுக்கட்டும். அக்கோயில் செய்த குமுகப்பணியை இருவருமே ஒப்புவர். கப்பலிலிருந்து இறங்கிய புதியவன், கையில் காசின்றி, அறிந்த முகம் ஒன்றுமின்றி, மொழி புரியாத நகரில் நிற்கிறான். அவன் முதலில் தங்க இடம் கொடுத்தது அக்கோயில். வேலையும் நிலையான உறையுளும் கிடைக்கும்வரை அவன் அங்கே தங்கலாம். ஒரு காலத்தில் சிங்கையில் இந்துக்களின் திருமணத்தை நடத்திப் பதிந்துவைக்கும் உரிமை பெற்ற ஒரே கோயிலும் அதுவே. ஆக, தமிழன் அந்நகரில் படுத்த முதல் திண்ணையும் அவன் குடும்பமான மணப்பந்தலும் ஒரே இடம். சூளைக்காரர் செய்த அறக்கொடை இதுதான். கையில் கொடுத்த காசு அன்றே கரைந்துவிடும். தலைசாய்க்க ஓர் இடம் இருநூறாண்டு நிற்கும்.

1824 தொடக்கத்தில் எடுத்த மக்கள் கணக்கின்படி சிங்கையில் வாழ்ந்தோர் 10,683 பேர். அவருள் இந்தியாவிலிருந்து சென்றோர் 756 பேர் மட்டுமே. இத்தனை சிறிய கூட்டத்தில் ஒருவரையொருவர் அறிந்தோரே பெரும்பான்மையர். அவர்தம் வழக்குகளைக் கேட்டுத் தீர்க்கும் தலைமையும் நாராயண பிள்ளைக்கு அளிக்கப்பட்டது. 'சூலியா'க்களின் தலைவர் என்பது அப்பொறுப்பு. சூலியா என்னும் சொல்லைக் கேட்டுத் தமிழர் திகைத்தல் வேண்டா. சோழநாட்டார் என்பதன் திரிபாகவே அறிஞர் அதைக் கொள்வர். பெரும்பாலும் தமிழ் முசுலிம்களைக் குறிக்க வழங்கிய அப்பெயரில் சோழன் இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிறான். அதற்கு நேர்மாறாக, தமிழரை இழித்துரைக்க வழங்கிய 'கிளிங்' என்னும் சொல்லும் அந்நகரில் இருந்தது. ஒரு தெருவுக்கே அப்பெயர் இட்டிருந்தனர். இந்தியர் எதிர்ப்பின் விளைவாக 1920-களின் தொடக்கத்தில் அத்தெரு 'சூலியா தெரு' எனப் பெயர் மாறிற்று. ஒரு பெயர்ப்பலகைக்காகப் போராடுவது வீண்வேலை என்று நகைப்போர் தமிழ்நாட்டிலும் உண்டு. அவர்கள் சிங்கைத் தமிழரிடம் பாடம் கேட்கட்டும்.

இன்னொன்றும் மறக்கற்பாலதன்று. மாரியம்மன் கோயிலை அடுத்து, ஒரே ஒரு தெருவுக்கு அப்பால், தமிழ் முசுலிம்கள் 1826-இல் நிறுவிய சாமியா பள்ளிவாசல் நிற்கிறது. சூலியா பள்ளிவாசல் என்பது அதன் மக்கள் வழக்கு. கோயில் கோபுரத்தால் இடையிலுள்ள தெருவுக்குப் 'பகோடா தெரு' என்று பெயர். பள்ளிவாசலுக்கு அப்பாலுள்ளது 'மாசுக்கு தெரு', அதாவது பள்ளிவாசல் தெரு. கோயிலுக்கு இப்பால் உள்ளது 'டெம்பிள் தெரு', அதாவது கோயில் தெரு. தெலோக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்காவும் எழுந்தது. மதம் வேறாயினும் மொழி ஒன்றாய், ஊர் ஒன்றாய்ப் போனவர்கள், அங்கேயும் சுவரோடு சுவராய் வாழ்ந்தனர் என்பதற்கு இத்தெருப்பெயர்களே சான்று. சீனர் குடியிருப்பின் நடுவே தமிழர் கட்டிய இவை நிற்பதும், சீனரும் அக்கோயிலுக்கு வந்து கைகூப்புவதும் காண்பார் கண்ணுக்கு இனியவை.

ஓலைக்கூரையாய்த் தொடங்கிய கோயில் பின்னர்ச் செங்கல்லும் சுதையுமாயிற்று. இன்றுள்ள கட்டடத்தின் மிகப் பழைய பகுதிகள் 1843-ஐச் சேர்ந்தவை. நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் கைதேர்ந்த தொழிலாளர் சென்று சுதைவேலை செய்தனர். மூன்று நிலைக் கோபுரம் 1903-இல் எழுந்தது. அதனிடத்தில் இப்போதுள்ள ஆறு நிலைக் கோபுரம் 1925-இல் எழுந்தது. 1973-இல் சிங்கை அரசு அதை நாட்டு நினைவுச் சின்னமாக அறிவித்தது.

தொழிலாளர் என்றவுடன் விலங்கிடப்பட்ட கைகளையும் சொல்லாமல் விடலாகாது. 1825 முதல் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட சிறையாளிகளைப் பென்கூலனிலிருந்து சிங்கைக்குக் கொண்டுவந்தனர். முதலில் வந்த 80 பேர் சென்னை மாகாணத்தவர். சாலைகள், பாலங்கள், அரசுக் கட்டடங்கள் என அந்நகரின் பெரும்பணிகள் அவர் முதுகில் ஏறின. புனித ஆண்ட்ரூசு பேராலயம் 1856 முதல் 1861 வரை இந்தியச் சிறையாளிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் சுவருக்குப் பூசியது சென்னைச் சுண்ணாம்பு: கிளிஞ்சற் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கருப்பங்கட்டி, தேங்காய் மட்டை ஊறிய நீர். செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடிபோல் மின்னும் சுவரைத் தடவிப் பார்த்தவர்க்கு இது என்னவென்று விளக்க வேண்டுவதில்லை. நாராயண பிள்ளையின் பெயராவது எஞ்சியது. அவர் சூளையில் மண் மிதித்தவன், இவர்களுள் சுண்ணாம்பு அரைத்தவன், எவன் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. முதலாளியைப் போற்றும்போது கூலியாளை மறக்கும் வரலாறு அரை வரலாறே.

அக்காலச் சிங்கையில் டான் டோக் செங் என்னும் சீன வள்ளலும் வாழ்ந்தார். மலாக்காவிலிருந்து வந்து காய்கறி விற்றுத் தொடங்கிப் பெருஞ்செல்வரானவர் அவர். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட 7,000 வெள்ளி கொடுத்தார். 1844-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அம்மருத்துவமனை இன்றும் அவர் பெயரிலேயே இயங்குகிறது. நோயுற்ற சிங்கையர் எவரும் அப்பெயரைச் சொல்லாமல் இருக்கவியலாது. நாராயண பிள்ளையோ தாம் எழுப்பியதற்குத் தம் பெயரை இடவில்லை. அம்மன் பெயரை இட்டார். அது பெருந்தன்மை. ஆனால் அப்பெருந்தன்மைக்கு அவர் வழிவந்த இனம் கொடுத்த விலை மறதி. அவர் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் வரலாற்று நூல்களில் இல்லை. சீனர் தம் வள்ளலைப் போற்றிக் காத்தனர். தமிழர் தம் வள்ளலை நூலகத்து ஆங்கில ஏடுகளின் பொறுப்பில் விட்டுவிட்டனர். 1902-இல் பக்ளி என்னும் ஆங்கிலேயர் எழுதிய சிங்கை வரலாற்று நூலே அவரைப் பற்றிய செய்திகளுக்கு இன்றும் பெருந்துணை. கப்பலில் வந்த தமிழரைப் பற்றி அறிய ஆங்கிலேயர் நூலைப் புரட்ட வேண்டியிருப்பதற்கு எவரை நோவது?

2019-இல் இராபிள்சு வந்திறங்கிய இருநூறாம் ஆண்டைச் சிங்கை அரசு நினைவுகூர்ந்தது. அவ்வாண்டு சனவரியில் ஆற்றங்கரையில் இராபிள்சின் சிலையருகே மேலும் நான்கு சிலைகளை நிறுத்தினர்: பழங்கதையில் சிங்கையை நிறுவிய அரசன் சாங் நீல உத்தமன், முன்சி அப்துல்லா, டான் டோக் செங், நாராயண பிள்ளை. தனித்து நின்ற வெள்ளையனோடு ஒரே வரிசையில் ஒரே உயரத்தில் தமிழர் ஒருவரும் நின்றார். சிலைகள் சில நாள்களே நிலைக்க வைத்தவை. எனினும் இந்நகரை ஒருவர் தனியே கட்டவில்லை என்று அவ்வரசே ஒப்பிய செயல் அது. அது பாராட்டுக்குரியது.

சிங்கையில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. தாளிலும், நாடாளுமன்றத்திலும், பள்ளியிலும், தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகையிலும் அது இருக்கிறது. 1935-இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி போன்றோர் வீடுவீடாய்ச் சென்று உணர்வூட்டிப் பெற்ற நிலை அது. தமிழர் பெரும்பான்மையாய் வாழும் நாட்டிலேயே உயர்நயன்மன்றத்தில் தமிழ் வழக்காட வழியின்றி நிற்கையில், கடல்கடந்த சிறுபான்மையினர்க்கு அந்நிலை வாய்த்தது பெரும்பேறு. ஆனால் 2010-இல் அந்நாட்டு மக்களுள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. அரசு கொடுக்கிறது, வீடு கைவிடுகிறது. நாராயண பிள்ளையின் காலத்தில் மலாக்காச் செல்வர் தம் பிள்ளைகளைத் தமிழ் கற்க அனுப்பினர். இன்று தமிழர் பிள்ளைகளுக்கே தாய்தந்தையர் தமிழைப் பள்ளிப் பாடவேளையில் மட்டும் காட்டுகின்றனர். 1822-இல் கடையை எரித்த தீ ஓரிரவில் தன் வேலையை முடித்துக்கொண்டது. இது மெல்ல எரிகிறது.

எர்சுகின் குன்றடிச் சூளை இன்றில்லை. கிராசு தெருக் கடையும், வணிகச் சதுக்கத்துக் கடையும் இல்லை. 1827-இல் மரமும் ஓலையுமாய் எழுந்த கோயிலில் அவர் வைத்த சிறிய அம்மன் திருவுரு மட்டும் கருவறையில் இன்றும் இருக்கிறது. அதன் பெயர் சின்ன அம்மன்.